பேரிங் மாற்றியும் இரைச்சல் போகவில்லை: ஒர்க் ஷாப் பெயரைப் போட்டு ரிவ்யூ எழுதலாமா?

வைகைக்கரை | திங்கள், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. முன்பக்கத்திலிருந்து ஊஊ என்று ஒரு இரைச்சல். அறுபதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மதுரையில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். (பெயரைச் சொல்லலாமா என்பதுதான் கேள்வியே, அதனால் இப்போதைக்கு வேண்டாம்.) ஓட்டிப் பார்த்துவிட்டு "முன்னாடி வீல் பேரிங் ரெண்டும் போச்சு சார்" என்றார்கள். மறுநாள் சாயங்காலம் பில் வந்தது: பேரிங் இரண்டு 5,200, லேபர் 2,400, அலைன்மென்ட் 600. மொத்தம் 8,200. கையால் எழுதிய பில். பழைய சாமானைத் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திருமங்கலம் போய்ச் சேருவதற்குள் அதே இரைச்சல். துளி மாற்றமில்லை. போன் செய்தால் "புது பேரிங் சார், செட் ஆக ஐநூறு கிலோமீட்டர் ஓடணும்" என்கிறார்கள். எழுநூறு ஓட்டிவிட்டேன். நேரில் போனால் ஓனர் இல்லை, வேலை பார்க்கும் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கூகுள் மேப்பில் போட எழுதி வைத்திருப்பது இது: "சரியான ஃபிராடு கும்பல். பேரிங்கை மாற்றாமலே 8,200 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். யாரும் இந்தப் பக்கம் போகாதீர்கள்." ஒரு ஸ்டார்.

வீட்டில் "எதுக்கு வம்பு, போன காசு போனதுதான்" என்கிறார்கள். கை அரிக்கிறது. போடலாமா?


சும்மா_பார்ப்பவன் | திங்கள், இரவு 9:50

இதைக் கேட்கவே வேண்டாம், போடுங்க. எல்லா மெக்கானிக்கும் திருடன்தான்.


நாமக்கல்_அக்கா | திங்கள், இரவு 10:15

போடணும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எழுதி வைத்திருப்பதைப் போடாதீங்க தம்பி.

காரணம் சொல்கிறேன். பதினோரு வருஷமாக நானே வண்டி ஓட்டுகிறேன், நானே சர்வீஸுக்கு விடுகிறேன். பாதி இடத்தில் வண்டியின் நோயை என்னிடம் சொல்ல மாட்டார்கள், "சார் நம்பர் குடுங்க மேடம், பேசிக்கிறோம்" என்பார்கள். அந்த சாருக்கு பானெட் எப்படித் திறப்பது என்றே தெரியாது. போன வருஷம் ஒரு இடத்தில் பிரேக் பேட் தேய்ந்துபோச்சு, உடனே மாற்றணும் என்றார்கள். வீலைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஆறு மில்லிமீட்டர் கனம் பாக்கி இருந்தது. மூன்று பக்கம் வந்தால்தான் மாற்றுவது வழக்கம். காட்டச் சொன்னதும் பையன் "இன்னும் ஓட்டலாம் மேடம்" என்று மாற்றிப் பேசினான்.

என்னைப் போன்றவர்களுக்கு மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதைத் தவிர வழியில்லை. புது இடத்துக்குப் போகும் முன் ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைத்தான் முதலில் படிப்பேன். "ஃபிராடு, போகாதீர்கள்" என்று மட்டும் இருந்தால் தாண்டிப் போய்விடுவேன், அதில் எனக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. "இந்தத் தேதி விட்டேன், இதைச் சொன்னார்கள், இவ்வளவு வாங்கினார்கள், இப்படி ஆனது" என்று இருந்தால் முழுசாகப் படிப்பேன். கீழே ஓனர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்பதையும் பார்ப்பேன். ஆளின் குணம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.


ஸ்பானர்_22 | திங்கள், இரவு 11:03

பட்டறைக்காரன் ஒருவன் வந்து பதில் சொன்னால் தப்பாக எடுக்க மாட்டீர்களே? திருப்பூர் பக்கம் 22 வருஷமாக இந்தத் தொழில். "எல்லா மெக்கானிக்கும்" என்று எழுதிய தம்பிக்கு என் வணக்கம்.

வைகைக்கரை தம்பி, முதலில் ஒன்று. பேரிங் செட் ஆக கிலோமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. போட்ட அன்றைக்கே சத்தம் நிற்க வேண்டும். அப்படிச் சொன்னவன் சமாளிக்கிறான். அது வரைக்கும் உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் "மாற்றாமலே காசு வாங்கிவிட்டார்கள்" என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? சத்தம் போகவில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியும். இரண்டும் வேறு. டயர் ஒரே சீராகத் தேயாமல் ரம்பப் பல் மாதிரி தேய்ந்தால் அச்சு அசலாக பேரிங் இரைச்சல்தான் வரும். பத்து வருஷ அனுபவம் உள்ளவனும் ஏமாறுவான். நானே இரண்டு தடவை ஏமாந்து, பேரிங் போட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டு லேபரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வித்தியாசம் கண்டுபிடிக்க: ஆளில்லாத ரோட்டில் அறுபதில் போய் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது வீலுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம். இதற்கு நேர்மாறாக இருந்தால் வலது. எப்படித் திருப்பினாலும் மாறாமல், ஆனால் தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரி கேட்டால் பெரும்பாலும் டயர்தான். அப்புறம் டயர் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, திருப்பித் தடவினால் கையைக் கீறுகிற மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள், சத்தமும் பின்னால் போய்விடும்.

பேரிங் மாற்றினார்களா என்று பார்க்கவும் வழி உண்டு. வீலைக் கழற்றினால் நடுவில் ஆக்ஸில் நட் தெரியும். அதன் விளிம்பை ஆக்ஸில் பள்ளத்துக்குள் தட்டி மடக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்த நட்டைக் கழற்றாமல் பேரிங்கை எடுக்கவே முடியாது. புது நட்டாக இருக்கும், இல்லை என்றால் பழைய நட்டைத் திரும்பத் தட்டிய பளபளப்பான உளித்தடம் இருக்கும். துரு அப்படியே கலையாமல் இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.


கறுப்புக்கோட்டு | செவ்வாய், காலை 7:30

சட்டப்பக்கம் சுருக்கமாக. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவாக மாறிவிட்டன. அவதூறு நம் நாட்டில் இன்னும் கிரிமினல் குற்றம்தான், இரண்டு வருஷம் வரை வெறுங்காவல் தண்டனைக்கு இடமுண்டு. 2016-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 2015-இல் ரத்தானது, ஆன்லைனில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. "அதான் ரத்து பண்ணிட்டாங்களே, எதை வேணா எழுதலாம்" என்று இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம்.

பயப்படவும் வேண்டாம். விதிவிலக்குகள் பத்து இருக்கின்றன. உண்மையைப் பொதுநலனுக்காகச் சொன்னால் குற்றமில்லை. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னாலும் குற்றமில்லை. ஆனால் அந்த விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டியது எழுதியவர். "8,200 கொடுத்தேன், இரைச்சல் போகவில்லை" என்பதை பில்லை வைத்தும் வண்டியை வைத்தும் காட்டிவிடலாம். "ஃபிராடு கும்பல்" என்பதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? அக்கா சொன்னதும் ஸ்பானர் அண்ணன் சொன்னதும் சட்டப்படியும் சரியாக வருகிறது.

இன்னொன்று. "பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ரிவ்யூ போடுவேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அது மிரட்டல் மாதிரி ஆகிவிடும். பணம் கேட்பது தனி, எழுதுவது தனி.


சும்மா_பார்ப்பவன் | செவ்வாய், காலை 8:12

இவ்வளவு யோசித்தால் யாருமே ரிவ்யூ போட முடியாது. எட்டாயிரம் ரூபாய் கொடுத்தவன் வீலைக் கழற்றி நட்டில் துரு இருக்கா என்று ஆராய்ச்சி பண்ணணுமா? திருடன் என்றதை வாபஸ் வாங்கிக்கிறேன், ஆனா கேள்வி கேள்விதான்.


பள்ளிக்கரணை_மழை | செவ்வாய், மதியம் 1:20

கேள்வி நியாயமானதுதான். பதில் என் அனுபவத்தில் இருக்கிறது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டி இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுக்கவில்லை, 2015 வெள்ளத்தில் அந்தப் பாடத்தைப் படித்தாயிற்று. இழுவை வண்டி வைத்து, தெரிந்த ஒரு சின்ன ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். நாலு வாரம் என்றார். மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் "அடுத்த வாரம் சார்".

பொறுமை போய் ஒரு ஸ்டார் போட்டேன். "வண்டியை அடகு வைத்த மாதிரி வைத்திருக்கிறார்" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். மச்சானையும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரையும் கூட ஆளுக்கு ஒன்று போடச் சொன்னேன். அவர்கள் அந்தக் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை. அவருக்கு அதுவரை இருந்தது ஒன்பதே ஒன்பது ரிவ்யூ, எல்லாம் ஐந்து ஸ்டார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அதை 3.8-க்கு இறக்கினோம்.

பிறகுதான் தெரிந்தது, இன்சூரன்ஸ் சர்வேயர் என் வண்டியைப் பார்க்க வரவே ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. வயரிங் செட்டுக்கு ஊரே கியூவில் நின்றது. அவர் கையிலிருந்து பணம் போட்டுச் சில சாமான் வாங்கியிருந்தார். வண்டியை எடுக்கப் போனபோது ரிவ்யூ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னுடையதை அழித்தேன், மச்சானுடையதை அழிக்க வைத்தேன். மற்ற இரண்டு பேரில் ஒருவர் "பாஸ்வேர்டு மறந்துட்டேன்" என்று இன்று வரை இழுக்கிறார். அது அங்கேயே இருக்கிறது.


ஸ்பானர்_22 | செவ்வாய், மாலை 6:45

மழைத் தம்பி, அந்த மீதி ஒன்றுக்குத்தான் நாங்கள் பயப்படுவது.

பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நாற்பது பேர் திட்டி எழுதினாலும் ஷட்டர் திறந்துதான் இருக்கும், வாரன்டி இருக்கிறவன் அங்கே போய்த்தான் ஆகணும். அவர்களுடைய வைத்தியம் வேறு. த்ராட்டில் கிளீனிங், டிகார்பனைசிங், அண்டர்பாடி கோட்டிங் என்று பில்லை நீட்டிவிட்டு, "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, இல்லன்னா என் சம்பளத்துல கை வைப்பாங்க" என்று அந்த அட்வைசர் பையன் கெஞ்சுவான். பாவம் பார்த்து நீங்களும் பத்து சொல்வீர்கள். என்னைப் போல் மூன்று பையன்களை வைத்து ஓட்டுகிறவனுக்கு ஒரு மோசமான ரிவ்யூ என்றால் அந்த மாதம் இரண்டு வண்டி குறையும்.

ஒரிஜினல் சாமானும் ஸ்கேனர் கருவியும் வெளிப் பட்டறைக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று, சந்தையில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினாலு கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அது மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. நோயைக் கண்டுபிடிக்கும் கருவியே கையில் இல்லாமல் காதையும் அனுபவத்தையும் வைத்துத்தான் எங்களில் பலர் வேலை பார்த்தோம். தப்பு நடக்கும். தப்பு வேறு, திருட்டு வேறு.


நாமக்கல்_அக்கா | செவ்வாய், இரவு 8:05

அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் "சின்னக் கடை, பாவம்" என்பதால் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கடைக்கு அடுத்து போகிறவளும் பாவம்தானே? தப்பு வேறு, திருட்டு வேறு என்பது உங்களுக்கு உள்ளே இருந்து தெரிகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற எனக்கு இரண்டும் ஒரே பில்லாகத்தான் கைக்கு வருகிறது. பழைய சாமானைக் கேட்காமலே டிக்கியில் வைத்து அனுப்பினால் பாதிச் சண்டை வராது. அது உங்கள் கையில் இருக்கிறது.


ஸ்பானர்_22 | செவ்வாய், இரவு 8:31

இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. கேட்டால் கொடுக்கிறேன். கேட்காதவர்களுக்குக் கொடுத்ததில்லை, பழைய இரும்பு எடைக்குப் போய்விடும், பையன்கள் டீ செலவுக்கு. நாளையிலிருந்து பையில் போட்டு வைக்கச் சொல்கிறேன்.


வைகைக்கரை | புதன், இரவு 9:10

அப்டேட். எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

காலையில் பக்கத்துத் தெரு பஞ்சர் கடையில் நாலு வீலையும் கழற்றச் சொன்னேன். முன் டயர் இரண்டிலும் கையை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் ரம்பம்தான். முன்பின் மாற்றிப் போட்டு ரிங் ரோட்டில் ஓட்டினேன். இரைச்சல் பின் சீட்டுக்குப் போய்விட்டது. ஸ்பானர் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. ஆக, பேரிங் போகவே இல்லை, அல்லது அது காரணம் இல்லை. கணித்ததில் தப்பு.

இப்போது நட். இடது பக்கம் புத்தம் புதுசு, உளித்தடம் பளபளக்கிறது. வலது பக்கம் துருப்பிடித்த பழைய நட், மடக்கிய இடம் கலையவே இல்லை. பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டு "இதை கம்பெனில போட்டதுக்கு அப்புறம் எவனும் தொடலை" என்றார். பில்லில் பேரிங் இரண்டு.

போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் முதலில் எழுதியதும் தப்பு, அவர்கள் எழுதியதும் தப்பு என்று ஆகிவிட்டது. இப்போது எழுதியிருப்பது:

"முன் வீல் இரைச்சலுக்காக விட்டேன். பேரிங் இரண்டு மாற்றியதாக 8,200 ரூபாய் பில் (அலைன்மென்ட் உட்பட). இரைச்சல் போகவில்லை. டயரை முன்பின் மாற்றிப் பார்த்ததில் காரணம் டயர் என்று தெரிந்தது. வலது ஆக்ஸில் நட் கழற்றப்பட்ட அடையாளம் இல்லை, போட்டோ இணைத்திருக்கிறேன். பழைய சாமான் தரப்படவில்லை. இரண்டு தடவை தொடர்புகொண்டும் சரியான பதில் இல்லை."


கறுப்புக்கோட்டு | புதன், இரவு 9:26

இதை தாராளமாகப் போடலாம். "திருடினார்கள்" என்று எங்கும் இல்லை, ஆனால் படிக்கிறவர்களுக்கு எல்லாம் இருக்கிறது. போடுவதற்கு முன் ஓனரை ஒரு தடவை பிடித்துப் பேசிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை (என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன்). அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.


வைகைக்கரை | சனி, மாலை 5:15

புதன் இரவே ஓனருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. வியாழன் காலை ரிவ்யூவைப் போட்டேன், மூன்று படங்களோடு. பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். முதலில் சத்தம் போட்டார். "போட்டோவைப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் வரச் சொன்னார். வண்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு பேரிங்தான் அன்றைக்குக் கடையில் கிடைத்ததாம், அதைப் போட்டிருக்கிறான். இன்னொன்று வந்ததும் போடலாம் என்று நினைத்ததற்குள் பில் போட்டு வண்டி போய்விட்டதாம். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் அவர் முகத்தைப் பார்த்தால் தோன்றியது.

ஒரு பேரிங் 2,600, அதன் லேபர் 1,200, ஆக 3,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு "அதை எடுத்துடுங்க தம்பி" என்றார்.

எடுப்பதா?


சும்மா_பார்ப்பவன் | சனி, மாலை 5:21

எடுக்காதீங்க. மாட்டியதால் கொடுத்தார்.


பள்ளிக்கரணை_மழை | சனி, மாலை 5:40

எடுத்துவிடுங்கள். பணம் வந்துவிட்டது, பேசிவிட்டார், போதும்.


நாமக்கல்_அக்கா | சனி, மாலை 6:02

எடுக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். திருத்துங்கள். கூப்பிட்டார், பார்த்தார், 3,800 திருப்பித் தந்தார் என்று கீழே சேருங்கள். எனக்கு அந்த வரியும் வேண்டும், மேலே உள்ள வரிகளும் வேண்டும். அப்படி ஒரு ரிவ்யூவைப் பார்த்தால் நான் அந்தக் கடைக்குப் போவேன், பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு.


ஸ்பானர்_22 | சனி, இரவு 7:18

எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அம்மா சொல்வதுதான் சரி. ஓனர் நிலையில் நான் இருந்தால் அன்று இரவு தூக்கம் வராது. ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தை அழிக்கச் சொல்வது, அழிக்க விலை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது அவருக்கும் நல்லதில்லை.


வைகைக்கரை | ஞாயிறு, காலை 10:05

திருத்திவிட்டேன். ஒரு ஸ்டாரை மூன்றாக்கினேன். ஓனர் கீழே பதில் எழுதியிருக்கிறார்: "தவறு நடந்துவிட்டது, சரிசெய்துவிட்டோம், இனி பழைய உதிரிபாகங்களை வாடிக்கையாளரிடமே கொடுப்போம்." அவர் மகள் எழுதிக் கொடுத்தது என்று நினைக்கிறேன், ஓனர் உதிரிபாகம் என்று பேசுகிற ஆள் இல்லை.

அப்புறம் ஸ்பானர் அண்ணே, டயருக்கு வருவோம். நாலையும் மாற்றணுமா, இரண்டு போதுமா? ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்கிறார் பஞ்சர் கடை அண்ணன்.


ஸ்பானர்_22 | ஞாயிறு, காலை 10:32

ஷாக்கை முதலில் பாருங்கள், அது செத்திருந்தால் புது டயரும் ஆறு மாதத்தில் ரம்பமாகிவிடும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், கடைசி இரண்டும் செய்த வருஷம். அதையும், பின்னால் இருந்த இரண்டு டயரின் பள்ளத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.